வாசகர் கேட்டவை: வைன் நூதனசாலைக்கு நாங்கள் போகலாமா?

சென்ற இதழில், பிரான்சின் போர்தோ நகரிலுள்ள வைன் நூதனசாலையில் ஒரு பகற்பொழுதைக் கழித்தது பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். நம்மூர் வழக்கப்படி முந்திரிகை என்றே எழுதுகிறேன். பிறவூர் வாசகர்கள் அதைத் திராட்சை என்று கொள்ளவும்.

கேள்வி: நானும் என் கணவரும் உரும்பிராயில் வசிக்கிறோம். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முந்திரிகைச் செய்கை பண்ணியவர். இன்றும் நான்கு பரப்பில் பந்தல் இருக்கிறது. வரும் புரட்டாதியில் பாரிஸில் உள்ள மகனிடம் போகிறோம். அவர் நீங்கள் எழுதிய அதே நூதனசாலைக்கு எங்களை அழைத்துப்போக நுழைவுச்சீட்டும் பதிந்துவிட்டார். நாங்கள் சைவர்கள், மதுவைத் தொட்டதில்லை. "குடிகாரர் போகும் இடத்தில் எனக்கு என்ன வேலை" என்று என் கணவர் முகஞ்சுளிக்கிறார். மகனின் மனமும் நோகக்கூடாது. நாங்கள் போகலாமா? போனால் அங்கே எங்களுக்குப் பார்க்க என்ன இருக்கிறது?
— வாசகி, உரும்பிராய்

பதில்: அம்மா, போய் வாருங்கள். அந்த இடத்துக்குப் போகவேண்டியவர்களில் உங்கள் கணவரைப் போன்றவர் முதல்வர் என்றே நான் சொல்வேன்.

அவருடைய தயக்கத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. குடியால் குலைந்த குடும்பங்களை நம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கசப்பிலிருந்து வரும் மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த நூதனசாலை குடிப்பதற்கென்று கட்டப்பட்ட இடமன்று. முந்திரிகைக் கொடியை மனிதன் எப்படி வளர்த்தான், அதன் சாறு எப்படிக் கோயில்களுக்கும் கப்பல்களுக்கும் சந்தைகளுக்கும் போனது, அதற்காக யார் யார் குனிந்து வேலை செய்தார்கள் என்பதை எடுத்துச்சொல்லும் இடம் அது. நான் போன அன்று எனக்கு முன்னால் ஒரு பாடசாலைப் பிள்ளைகளின் வரிசை நின்றது.

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் கரோன் ஆற்றங்கரையில், 55 மீற்றர் உயரத்தில், கண்ணாடியும் அலுமினியத் தகடுகளும் வேய்ந்து, கிண்ணத்தில் சுழற்றிய நீர் அப்படியே உறைந்ததுபோல வளைந்து நிற்கிறது. நகரத்தின் டிராம் வண்டி வாசலருகிலேயே இறக்கிவிடும். சுற்றி முடித்த பின்னர் எட்டாவது மாடிக்குப் போக வேண்டும். அங்கே நுழைவுச்சீட்டுக்கு உரியதாக ஒரு கிண்ணம் வைன் தருவார்கள். வேண்டாதவருக்கு முந்திரிகைச் சாறு உண்டு. என்னை அழைத்துச் சென்ற பெறாமகள் ஒரு வார்த்தை சொன்னதும், மேசைக்குப் பின்னால் நின்ற பெண் வேறொரு போத்தலை எடுத்துச் சாற்றை ஊற்றித் தந்தார். ஏன் என்று கேட்கவுமில்லை, முகம் மாறவுமில்லை. 35 மீற்றர் உயரத்திலுள்ள அந்த மாடியைச் சுற்றி நடந்தபடி, ஆயிரக்கணக்கான போத்தல்களைத் தொங்கவிட்டு அமைத்த கூரையின் கீழ், ஆற்றையும் நகரத்தையும் பார்த்துக்கொண்டு அந்தச் சாற்றைக் குடித்தேன். ஆகவே உங்கள் விரதத்துக்கு அங்கே ஒரு குறையும் வராது.

உள்ளே என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது மணங்களுக்கான மேசை. கண்ணாடிக் கூடுகளுக்குள் ஒவ்வொரு பொருளின் வாசனையை அடைத்து, குழலின் வாயில் மூக்கை வைத்து முகரும்படி அமைத்திருக்கிறார்கள். பழம், பூ, மரம், தோல் என்று ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு போகும்போது, ஒரு முந்திரிகைச் சாறு புளித்துப் பதமாகி முடிவதற்குள் இத்தனை வாசனைகளை எப்படித் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது என்ற வியப்பு எழுகிறது. கத்தரித்த காயிலிருந்தே பழத்தின் பதத்தைச் சொல்லும் உங்கள் கணவர் அந்த மேசையில் என்னைவிட நன்றாகத் தேறுவார்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நூதனசாலையில் பழைய பொருள்கள் குறைவு. திரைகளும் குரல்களும் அதிகம். காதில் மாட்டும் கருவி பல மொழிகளில் பேசும். தமிழ் அவற்றுள் இல்லை. மகன் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். எனவே மூன்று மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், கொடியையும் மண்ணையும் பற்றிய பகுதியில் அதிகம் நில்லுங்கள்.

இனி, உங்கள் கணவரிடம் நீங்கள் இன்றே சொல்லவேண்டிய ஒன்று. அவர் பந்தலுக்கு விசிறும் போர்டோக் கலவையின் பெயரில் உள்ள ஊர்தான் இந்தப் போர்தோ. செப்புச்சல்பேற்று 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லீற்றர் என்று அவர் கரைத்துவிட்டு, பளபளப்பான இரும்பாணி ஒன்றை அதில் தோய்த்துப் பார்ப்பாரல்லவா? ஆணியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இலை கருகும் என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பாரல்லவா? அந்தக் கலவை பிறந்த கதை இது.

1878ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலிருந்து கீழ்ப்பூஞ்சண நோய் பிரான்சுக்குள் நுழைந்தது. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாய்ப் படர்ந்து, பழம் முற்றுமுன்னே இலையெல்லாம் உதிரச் செய்கிற அதே நோய்தான். மாரி தொடங்கினால் நம் பந்தல்காரர் நித்திரை கொள்ளாமல் பார்க்கிற நோய். 1882ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் போர்தோவின் தாவரவியற் பேராசிரியரான மில்லார்டே என்பவர், மெதொக் பகுதியின் சென் ஜூலியன் என்ற ஊரில் தோட்டங்களுக்கிடையே நடந்துபோனார். தோட்டத்தின் உட்பகுதியில் கொடிகள் மொட்டையாக நின்றன. தெருவோரத்து வரிசைகளில் மட்டும் இலைகள் பச்சையாக இருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தபோது அந்த இலைகளில் நீலநிறப் பூச்சு ஒன்று தெரிந்தது. தோட்டத்தை நடத்தியவரிடம் கேட்டார். தெருவால் போகிறவர்கள் பழம் பறிக்கிறார்கள், பார்க்க நஞ்சு போலத் தெரியட்டுமென்று செப்புச்சல்பேற்றையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்தோம் என்றார் அவர். கள்வரை விரட்டத் தெளித்தது நோயை விரட்டியிருக்கிறது என்பதை மில்லார்டே கண்டுகொண்டார். கயோன் என்ற இரசாயன அறிஞரோடு சேர்ந்து சோதித்து, 1885இல் அதை வெளியிட்டார். மதிலுக்கு மேலால் கை நீட்டும் பொடியன்களைப் பற்றிய அந்தத் தோட்டக்காரரின் கவலை, 140 ஆண்டுகளுக்குப் பிறகும் உரும்பிராயின் செம்மண்ணில் ஒரு பந்தலைக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணை மிதித்துப் பார்க்க உங்கள் கணவருக்கு உள்ள உரிமை, வைன் சுவைக்கப் போகிற எந்தப் பயணியினுடையதிலும் குறைந்ததன்று.

நூதனசாலையோடு நின்றுவிடாதீர்கள், நகரத்துக்குள் கொடி அரிது. போர்தோவின் பெரிய புகையிரத நிலையத்திலிருந்து ஒரு மணிக்கும் குறைந்த பயணத்தில் சென் எமிலியோன் என்ற சிற்றூர் இருக்கிறது. நிலையம் ஊருக்குச் சற்றுத் தள்ளி இருப்பதால், தோட்டங்களுக்கு நடுவே நடந்துதான் ஊருக்குள் போகவேண்டும். மகனிடம் வாடகை வண்டி வேண்டாமென்று சொல்லுங்கள். 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது. ஊர் சுண்ணக்கற் பாறையின் மேல் இருக்கிறது. பாறையைக் குடைந்தே ஒரு பெரிய தேவாலயத்தை ஆக்கியிருக்கிறார்கள். கட்டடக் கல்லை வெட்டியெடுத்த சுரங்கங்கள் வைன் பீப்பாய்களுக்குக் குளிர்ந்த அறைகளாகின. கிணறு வெட்டும்போது சுண்ணக்கல்லில் அலவாங்கு இடிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பாறை புதிதாகத் தோன்றாது.

கொடிகள்தாம் புதிதாகத் தோன்றும். நம் பந்தல் ஆளுயரத்துக்கு மேலே, நிழல் விரித்து நிற்கும். அங்கே கொடிகள் இடுப்பளவில் கம்பிகளில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். நமக்கு வெயில் மிகுதி, அவர்களுக்கு வெயில் அருமை. நிலத்தின் சூட்டையும் பழம் வாங்கிக்கொள்ளட்டுமென்று தாழ வைத்திருக்கிறார்கள். சில வரிசைகளின் தலைப்பில் ரோசாச் செடி நிற்கும். தூள்பூஞ்சணம் ரோசாவில் முதலில் தெரியும், தெரிந்ததும் கொடிக்கு மருந்திடலாம் என்பது அவர்களின் பழைய வழக்கம். நீங்கள் போகும் புரட்டாதி அங்கே அறுவடைக் காலம் என்பதால் ஆட்களும் இயந்திரங்களும் தோட்டத்தில் இருப்பார்கள். இதைவிட நல்ல மாதம் வேறில்லை.

தனியார் தோட்டம் ஒன்றின் நிலவறையைப் பார்க்க நினைத்தால் முன்கூட்டியே எழுதி, நாங்கள் குடிப்பதில்லை, கொடியையும் ஆலையையும் பார்க்க விரும்புகிறோம் என்று தெரிவித்துவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யாமல் ஒரு தோட்டத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர் விலைப்பட்டியலோடு வந்து, குடிக்கமாட்டோம் என்று அறிந்ததும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். அடுத்த தோட்டத்துக்கு எழுதிவிட்டுப் போனோம். அங்கே ஒரு முதியவர், வெட்டிய கொடியின் மாவு போன்ற உட்புறத்தை நகத்தால் கீறிக் காட்டி, அரை மணி நேரம் கத்தரிப்பைப் பற்றியே பேசினார்.

கேள்வி: நான் கிளிநொச்சியில் விவசாயம் படிக்கும் மாணவி. ஐரோப்பாவின் எந்த வைன் நூதனசாலையைப் பற்றி வாசித்தாலும் பிலொக்செரா என்ற பூச்சிக்கு ஒரு தனியிடம் கொடுத்திருக்கிறார்கள். அது ஏன் அவ்வளவு முக்கியம்? அங்கே கொடியின் பருவம் எப்படி?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: ஐரோப்பியக் கொடியின் வரலாற்றை அந்தப் பூச்சிக்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் மஞ்சளாக இருக்கும் அது, வேரிலிருந்து சாற்றை உறிஞ்சும். வட அமெரிக்காவின் காட்டுமுந்திரிகை அதனோடு பன்னெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து, தாங்கப் பழகியிருந்தது. ஐரோப்பியக் கொடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1860களில் அமெரிக்கச் செடிகளோடு அது தென்பிரான்சில் இறங்கியது. தோட்டங்கள் வட்டம் வட்டமாகக் காய்ந்தன. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் பூச்சி இருக்காது, ஏனென்றால் அது ஏற்கெனவே உயிருள்ள அடுத்த வேருக்குப் போயிருக்கும். 1868இல் மொன்பெலியே நகரப் பேராசிரியர் பிளான்சோனும் அவரோடு போனவர்களும் இன்னும் சாகாத கொடியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் வேரில் பூச்சியைக் கண்டார்கள்.

அதற்கடுத்த ஆண்டில், 1869இல், இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் துருநோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மலையகத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பிரான்சிலோ தோட்டங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள், மண்ணுக்குள் கந்தகச் சேர்வை மருந்தைக் குத்தி ஏற்றினார்கள், எதுவும் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. கடைசியில் நோயைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டினார்கள். அதிலும் ஒரு சிக்கல்: அமெரிக்க வேர்களிற் பல சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகி நொந்தன. சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் இனத்தைத் தேடி வியாலா என்ற அறிஞரை 1887இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டெக்சாசின் சுண்ணக்கற் பகுதியில் அவருக்கு அது கிடைத்தது. சுண்ணாம்பு மண்ணில் இளம் இலை மஞ்சளாவதை வலிகாமத்தில் நீங்களே பார்த்திருக்கக்கூடும். ஒட்டுக்கட்டை பற்றிய அந்தப் பாடம் நமக்குத் தூரத்துக் கதையன்று. இன்று ஐரோப்பாவின் தோட்டங்களில் மிகப்பெரும்பாலானவை ஒட்டுக் கொடிகளே. நூதனசாலைகளில் ஒட்டின் முடிச்சை நெடுக்கில் அறுத்து வைத்திருப்பதைக் கண்டால் நின்று பாருங்கள்.

பருவத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே குளிரில் கொடி உறங்கி, சித்திரையில் துளிர்த்து, புரட்டாதி ஐப்பசியில் ஒரேயொரு அறுவடை தரும். இங்கே உறங்க வைக்கக் குளிர் இல்லாததால் கத்தரிக்கோல் அந்த வேலையைச் செய்கிறது. கத்தரித்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் என்று ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கிறோம்.

கேள்வி: நான் சுவிசின் லொசான் நகரில் இருக்கிறேன். சண்டிலிப்பாயிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். போர்தோவுக்குப் போக வசதியில்லை. கிட்ட ஏதாவது உண்டா?
— வாசகர், லொசான்

பதில்: உங்களுக்குப் போர்தோ தேவையே இல்லை. லொசானிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் புகையிரதப் பயணத்தில் ஏகிள் என்ற ஊர் இருக்கிறது. அங்கே முந்திரிகைத் தோட்டங்களின் நடுவே ஒரு பழைய கோட்டை. கோட்டைக்குள் கொடிக்கும் வைனுக்குமான நூதனசாலை. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தக் கோட்டை 1475இல் பேர்ண் நகரத்தார் கைக்குப் போய், 1798 வரை அவர்களுடைய ஆளுநரின் இருப்பிடமாகவும், பிறகு சிறைச்சாலையாகவும் இருந்தது.

போர்தோவில் நான் தேடிக் கிடைக்காத பழைய பொருள்களை இத்தகைய சிறிய நூதனசாலையில் ஆறுதலாகப் பார்க்கலாம். கொடி வெட்டும் கத்தியை உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள். கொக்கத்தடியில் கட்டும் சத்தகத்தின் அலகைப் போல நுனி வளைந்திருக்கும். முதுகில் கூடை சுமந்து பழம் கொண்டுவந்தவர்கள் கூடையின் தோள்வாரைத் தங்கள் உடம்புக்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். பழத்தை நசிக்கும் மரச்செக்கு ஒன்றின் முன் நின்றால், நம் ஊர்ச் செக்கடியில் நின்ற நினைவு அவருக்கு வரக்கூடும். அங்கே மாடு சுற்றவில்லை, மனிதர்கள் நீண்ட தடியைத் தள்ளித் திருகாணியை இறக்கினார்கள் என்பதே வேறுபாடு.

புகையிரதத்தில் போகும்போது இடப்பக்க யன்னலோரத்தில் அவர்களை இருத்துங்கள். வலப்பக்கத்தில் ஏரி, அதை எல்லாரும் பார்ப்பார்கள். இடப்பக்கத்தில் லாவோ மலைச்சரிவு கற்சுவர்களால் படிப்படியாகக் கட்டப்பட்டு, உச்சி வரை முந்திரிகையாக எழும். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் துறவிகள் தொடங்கிய அந்தச் சுவர்களை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்பக் கட்டி வந்திருக்கிறது. 2007இல் அது உலக மரபுரிமையானது. அந்தக் கொடிகளுக்கு மூன்று சூரியன்கள் என்று அவ்வூரார் சொல்வர்: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் திரும்பும் சூரியன், பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் விடும் கற்சுவர். நடக்க முடிந்தால் இடையில் ஒரு சிறிய நிலையத்தில் இறங்கி ஒரு சுவரில் அப்பாவின் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாலை நேரமானால் சூடு தெரியும்.

கேள்வி: வைன் என்பது வெள்ளையர் பண்டம். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
— வாசகர், இளவாலை

பதில்: இளவாலையிலிருந்து தோலகட்டி அதிக தூரமில்லை. 1928இல் தோமஸ் அடிகளார் அங்கே நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் நெல்லிரசத்தையும் முந்திரிகை வைனையும் யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். திருப்பலிக்கு முந்திரிகை இரசம் வேண்டும் என்பதால், துறவிகள் போன இடமெல்லாம் கொடியும் போயிற்று; லாவோவின் சுவர்களைத் தொடங்கியவர்களும் துறவிகளே. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தப் பகுதியின் தோட்டங்களும் கைவிடப்பட்டன என்பதை இங்கே நினைவுகூர்கிறேன்.

அதற்கு முன்னைய தொடர்பும் உண்டு. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், 1945இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. வைன் ஏற்றி வரும் சாடிகள் அவை. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நம் கரையில் இறங்கிய பண்டத்தை நேற்றைய வெள்ளையரோடு மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: என் அப்பா நாற்பது வருடம் சீவல் தொழில் செய்தவர். அவருடைய பாளைக்கத்தியும் தளைநாரும் தட்டுப்பொல்லும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. வைனுக்கு நூதனசாலை கட்டிக் காட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது அந்தக் கத்தியை எடுத்துப் பார்த்தேன். இதற்கு ஒரு நூதனசாலை வராதா?
— வாசகர், வடமராட்சி

பதில்: இந்த மாதம் என்னை அதிகம் யோசிக்க வைத்த கடிதம் உங்களுடையது.

முந்திரிகைச் சாறு வைனாவதும் பனஞ்சாறு கள்ளாவதும் ஒரே வேலையால்தான்: காற்றிலும் கலத்திலும் உள்ள மதுவம் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று மதுசாரமாக்குகிறது. அவர்கள் தொட்டியில் நாட்கணக்கில் செய்வதை, நம் வெயிலில் முட்டி ஒரு பகலுக்குள் செய்துவிடும்; குளிர்ந்த நிலவறையில் 225 லீற்றர் ஓக்மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் பதமாக்குவது அதன் பிறகே. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசி அந்த நொதிப்பைத் தடுத்தால் கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. எந்தப் பாளையை எப்போது தட்டுவது, எத்தனை மெல்லியதாகச் சீவினால் சாறு நிற்காமல் ஊறும் என்பதெல்லாம் உங்கள் அப்பாவின் கைக்குத் தெரிந்தவை. போர்தோவில் இதற்கு நிகரான அறிவுள்ளவரைப் பெயர் சொல்லி மதிக்கிறார்கள்.

லொசானுக்குப் பக்கத்தில் வெவே என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே தோட்டக்காரர் சங்கமொன்று தோட்டங்களைப் பார்வையிட்டு, பிறருடைய நிலத்தில் கூலிக்குக் கொடி வளர்ப்பவர்களில் சிறந்தவர்களுக்குப் பரிசளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1797 முதல், ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு ஒரு முறை, அவர்களுக்கு முடி சூட்டிப் பெருவிழா எடுக்கிறார்கள். கடைசி விழா 2019இல் நடந்தது. கவனியுங்கள், முடி நிலத்துக்குச் சொந்தக்காரரின் தலைக்குப் போகவில்லை, வேலை செய்தவரின் தலைக்குப் போகிறது. நம் ஊரில் கள்ளைக் குடித்தவர்களும் பனங்கட்டியைத் தின்றவர்களும் மரமேறியவரைப் படலைக்கு வெளியே நிறுத்தினார்கள். தளைநாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிற நூதனசாலை எனக்கு வேண்டாம்.

1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் நம்மிடம் இருக்கின்றன. திக்கத்தில் வடிசாலை இருக்கிறது. ஒரு சிறிய அறையைத் தொடங்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்பா இருக்கும்போதே ஒவ்வொரு கருவியையும் அவர் கையில் கொடுத்து, அதன் பெயரையும், யார் செய்து கொடுத்தார், எத்தனை வருடத்தில் தேய்ந்தது என்பதையும் அவருடைய குரலிலேயே தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கத்தியைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள்; அவர் பிடித்துப் பிடித்து வழுவழுப்பான பிடியை மட்டும் தேய்த்துத் துப்புரவாக்கிவிடாதீர்கள். அந்தப் பதிவின் ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்பினால், அப்பாவின் சம்மதத்தோடு இப்பகுதியில் அச்சிடுகிறேன்.

கேள்வி: பிரான்சுக்குப் போகும் உறவினரிடம் நல்ல வைன் முந்திரிகைத் தடி இரண்டு கொண்டுவரச் சொல்லலாமா? நீர்வேலியில் நட்டுப் பார்க்க ஆசை.
— வாசகர், நீர்வேலி

பதில்: தயவுசெய்து வேண்டாம். மேலே பிலொக்செராவும் கீழ்ப்பூஞ்சணமும் பிரான்சுக்குள் வந்த கதையை எழுதியிருக்கிறேன். இரண்டும் ஆசையோடு கொண்டுவந்த செடிகளோடு வந்தவையே. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி நடுகைப்பொருள் கொண்டுவருவது குற்றமுமாகும். புது இனம் வேண்டுமானால் விவசாயத் திணைக்களத்தின் வழியாகக் கேளுங்கள். உறவினரிடம் ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கிவரச் சொல்லலாம். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் வைக்கும்படி எழுதுங்கள்.